வைரஸ் வந்த கதை
(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவனின் வாக்குமூலம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "பாய்லர் பத்தி எழுதுடா, சிஎன்சி பத்தி எழுதுடா" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எழுதலாம்தான். ஆனால் என் நெஞ்சுக்குள் வேறொன்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை வெளியே விடாமல் பாய்லரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வெடிப்பது நானாகத்தான் இருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற பிப்ரவரியில் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, என் வகுப்புத் தோழி ஒருத்தியின் மூன்று மாத உழைப்பை ஒரே கிளிக்கில் அழித்தவன் நான். வைரஸ் அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

நடந்தது இதுதான். ரெக்கார்டு நோட்டின் முகப்புப் பக்கத்தை பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடைக்குப் போனேன். பென்டிரைவைக் கொடுத்தேன், பிரிண்ட் வாங்கினேன், நேராக கேட் லேபுக்கு வந்து 14ஆம் நம்பர் மெஷினில் சொருகினேன். உள்ளே இருந்த ஃபோல்டர்களின் படத்தில் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி தெரிந்தது. கவனித்தேன். ஆனால் டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் வழக்கம்போல் திறந்ததே! "ஏதோ விண்டோஸ் அப்டேட் போல" என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அதே மெஷினில் உட்கார்ந்தவள் அந்தத் தோழி. அவர்கள் டீமின் புராஜெக்ட் காலால் மிதித்து நிலக்கடலை உடைக்கும் இயந்திரம். பதினொரு டிராயிங், அறிக்கை, வேலை நடந்தபோது எடுத்த போட்டோ எல்லாம் அவள் பென்டிரைவில் மட்டும். சொருகிய கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். "டேய், இங்க பாரேன். எல்லா ஃபோல்டரும் ஒரு கேபி, ரெண்டு கேபின்னு காட்டுது. என் ஃபைல்லாம் எங்கடா போச்சு?"

வகுப்பில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்' என்று ஒரு பட்டம் உண்டு. பட்டம் கொடுத்தவர்கள் மேல்தான் வழக்குப் போட வேண்டும்! நான் எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "வைரஸ் புடிச்சு எல்லாத்தையும் தின்னுடுச்சு. ஃபார்மட் பண்ணாத்தான் போகும். விட்டா லேப் பூராவும் பரவிடும்." அவள் தயங்கினாள். நான் செய்துவிட்டேன். பத்து செகண்டு கூட ஆகவில்லை.

லேப் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பார்த்தியா தம்பி?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 16 ஜிபியில் பாதிக்கு மேல் நிரம்பியிருப்பது தெரிந்திருக்கும். ஃபைல்கள் அங்கேயேதான் இருந்தன. மறைத்து வைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். "டாக்டர் வர்றதுக்குள்ள போஸ்ட்மார்ட்டம் பண்ணி முடிச்சிட்டியேப்பா" என்றார் சார். சிரிக்கவில்லை.

வைரஸ் என்பது என்ன?

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வைரஸ் என்றால் ஏதோ பூச்சி, கிருமி என்ற நினைப்பில் இருப்பவர்கள் இன்றும் நம்மில் உண்டு. அது ஒரு புரோகிராம். நாம் சி லாங்குவேஜில் எழுதும் புரோகிராமைப் போல அதுவும் கட்டளைகளின் தொகுப்புதான். தன்னைத்தானே நகலெடுத்து இன்னொரு புரோகிராமிலோ டிஸ்கிலோ ஒட்டவைத்துக்கொள்வதுதான் அதன் தனிக் குணம். யாராவது அதை ஓடவைத்தால்தான் ஓடும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இந்தப் பெயரை ஆராய்ச்சிக் கட்டுரையில் கொண்டுவந்தவர் ஃப்ரெட் கோயன் என்ற அமெரிக்கர். 1983இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது இப்படி ஒரு புரோகிராமை எழுதிச் செய்து காட்டினார். 'வைரஸ்' என்ற பெயரை யோசித்துக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் லியோனார்டு ஏடில்மன். ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையில் 'ஏ' என்ற எழுத்து அவருடையதுதான். கோயன் இன்னொன்றையும் கணக்குப் போட்டு நிரூபித்தார். உலகில் உள்ள எல்லா வைரஸ்களையும் தப்பாமல் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு புரோகிராமை எழுதவே முடியாது! "எங்க மெஷின்ல ஆன்டிவைரஸ் இருக்கு, எதையும் சொருகலாம்" என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

ஐபிஎம் வகைப் பிசிக்களில் பரவிய முதல் வைரஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 'பிரெய்ன்'. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதியது. ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போன திருடன் மாதிரி! தங்கள் சாஃப்ட்வேரைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். அது கண்டம் தாண்டிப் போனது அவர்களே எதிர்பாராதது.

அம்புக்குறி ஜாக்கிரதை

இனி நம் லேபைப் பிடித்த வைரஸுக்கு வருவோம். இதைப் பொதுவாக 'ஷார்ட்கட் வைரஸ்' என்கிறார்கள். இது ஒரு வைரஸ் அல்ல. ஒரே தந்திரத்தைச் செய்யும் ஒரு கூட்டம்.

முன்பெல்லாம் பென்டிரைவைச் சொருகினாலே உள்ளே இருக்கும் புரோகிராம் தானாக ஓடும் வசதி விண்டோஸில் இருந்தது. ஆட்டோரன் என்று பெயர். 2008 நவம்பரில் கிளம்பிய 'கான்ஃபிக்கர்' இந்த வழியையும் பயன்படுத்தி உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் 7 வந்தபோது பென்டிரைவுக்கு இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா மெஷின்களுக்கும் அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். கதவு மூடிவிட்டது. சரி, மெஷின் தானாக ஓட்டாவிட்டால் என்ன, மனுஷனை வைத்து ஓட்டுவோம் என்று யோசித்ததில் வந்ததுதான் ஷார்ட்கட் தந்திரம்.

விண்டோஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சில குணங்கள் உண்டு. 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று இரண்டு குறிகளையும் ஒரு ஃபோல்டருக்குப் போட்டுவிட்டால் சாதாரணப் பார்வையில் அது தெரியாது. வைரஸ் நம் ஃபோல்டர்களுக்கு அந்தக் குறிகளைப் போட்டு மறைக்கிறது. பிறகு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் உண்டாக்கி அங்கே வைக்கிறது. நாம் டபுள் கிளிக் செய்கிறோம். அது முதலில் வைரஸை ஓட்டிவிட்டு, அடுத்த கணமே நிஜ ஃபோல்டரைத் திறந்து காட்டுகிறது. நமக்குச் சந்தேகமே வராது. எனக்கு வரவில்லை பாருங்கள்! 14ஆம் நம்பர் மெஷினுக்குள் அதைக் கூட்டிக்கொண்டு போய் விட்டது என் ஆள்காட்டி விரல்தான்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? லேப் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையைச் சொல்கிறேன். வரிசை முக்கியம், மாற்றக் கூடாது.

முதலில் எதையும் கிளிக் செய்யாமல் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்க்க வேண்டும். நிரம்பிய இடம் நிறையக் காட்டினால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது, நிம்மதியாக மூச்சு விடலாம். அடுத்து மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும், பென்டிரைவை அல்ல! மெஷினில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அடுத்த சில நொடிகளில் திரும்ப எழுதிவிடும். டாஸ்க் மேனேஜரில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்று ஒன்று காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம்; இந்த வகைகளில் பல அதன் முதுகில்தான் சவாரி செய்யும். அது விண்டோஸின் சொந்த புரோகிராம், அதை அழிக்கக் கூடாது. ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டு முழு ஸ்கேன் போட வேண்டும். மெஷின் சுத்தமான பிறகு கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளை. மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்று மூன்று குறிகளையும் நீக்கச் சொல்லி, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து சாய்கோடு எஸ், சாய்கோடு டி போட்டு, பென்டிரைவின் எழுத்தைக் கொடுத்தால் மறைந்ததெல்லாம் வரிசையாக எழுந்து வரும். பார்க்கவே ஆனந்தமாக இருக்கும். கடைசியில் போலி ஷார்ட்கட்டுகளை அழித்துவிடலாம். முழுசாக இருபது நிமிஷ வேலை.

அந்த இருபது நிமிஷத்துக்குப் பதிலாக நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இரண்டு ராத்திரி விழித்திருந்தோம். 'குவிக் ஃபார்மட்' செய்தால் ஃபைல்களின் அட்டவணைதான் போகும், சரக்கு அதன்மேல் வேறு எழுதாத வரை டிஸ்கில் கிடக்கும். சார் உடனே பென்டிரைவைப் பிடுங்கி, "இனிமே இதுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது" என்று உத்தரவு போட்டார். பிறகு வேறொரு மெஷினில் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டினார். அது அட்டவணையைப் பார்க்காமல், ஃபைலின் ஆரம்ப எழுத்துகளை வைத்து இது டிராயிங், இது போட்டோ என்று அடையாளம் கண்டு எடுக்கும். ஆனால் பெயர் போய்விடும். எழுநூறுக்கும் மேற்பட்ட ஃபைல்கள் வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாதி, என்றைக்கோ அழித்த சினிமா பாட்டு! பதினொரு டிராயிங்கில் எட்டு கிடைத்தது. அறிக்கையில் டிசம்பர் மாதப் பழைய வடிவம் மட்டும். மீதி மூன்று டிராயிங்கையும் அவள் உட்கார்ந்து திரும்பப் போட்டாள். டைமென்ஷன் சொல்லும் வேலையை நான் செய்தேன். "பரவால்லடா" என்று சொன்னாள். அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

அவள் பென்டிரைவுக்கு அந்த வைரஸைக் கொடுத்ததே நான்தான் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. இரண்டு டிரைவிலும் ஒரே பெயரில் அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் இருந்தது. இதை அவளிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

நம்ம ஆட்டோகேடுக்கே ஒன்று

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இதை அவசியம் படிக்கவும். "வைரஸெல்லாம் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரன் கவலை" என்று நினைக்காதீர்கள். ஆட்டோகேடுக்கென்றே பிறந்த வைரஸ்கள் உண்டு. ஆட்டோலிஸ்ப் என்ற மொழியில் கட்டளைகள் எழுதலாம் என்று நமக்குத் தெரியும். டிராயிங் இருக்கும் ஃபோல்டரிலேயே குறிப்பிட்ட பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல் இருந்தால், பழைய ஆட்டோகேட் அதைத் தானாக ஏற்றி ஓட்டிவிடும். வசதிக்காக வைத்தது, வினையாகிவிட்டது. நண்பனிடமிருந்து ஃபோல்டரோடு டிராயிங்கைக் காப்பி எடுக்கும்போது அதுவும் கூடவே வரும்.

2012இல் 'மெட்ரே' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில்தான் அதிகம் பரவியிருந்தது. அது டிராயிங்கைக் கெடுக்கவில்லை. திறக்கும் டிராயிங்கின் நகலைச் சீனாவில் இருந்த ஈமெயில் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது! ஒரு கம்பெனியின் டிசைன் முழுவதும் சத்தமில்லாமல் வெளியே போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாளைக்கு நாம் அப்ரண்டிஸாகப் போய் உட்காரப்போகும் இடம் அதுதானே. ஆட்டோகேட் 2014இலிருந்து, நம்பிக்கையான இடம் என்று நாம் குறிப்பிடாத ஃபோல்டரிலிருந்து இப்படி ஏதாவது ஏற முயன்றால் கேட்டுவிட்டுத்தான் ஏற்றும். அந்தக் கேள்விக்குப் படிக்காமல் 'லோட்' அமுக்குகிறவர்களை நம் லேபிலேயே பார்த்திருக்கிறேன். டிராயிங் காப்பி எடுக்கும்போது ஃபோல்டரோடு இழுக்காமல் டிராயிங் ஃபைலை மட்டும் எடுங்கள்.

கிளிக்கே வேண்டாத கேஸ்

மேலே "யாராவது ஓடவைத்தால்தான் ஓடும்" என்றேன். அந்த 'யாராவது' மனுஷனாக இருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸின் ஓட்டையே ஓடவைக்கும். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' இப்படித்தான் வந்தது. ஃபைல் பகிர்வதற்கான விண்டோஸ் வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, ஒரு மெஷினிலிருந்து நெட்வொர்க்கில் உள்ள அடுத்த மெஷினுக்குத் தானாகவே தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம்! "அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆகும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய மெஷின்கள் உள்ள லேபில் இது சாதாரண விஷயமில்லை. புது மெஷின் வாங்கும் அதிகாரம் நமக்கில்லை, வாஸ்தவம். குறைந்தபட்சம் அந்த மெஷினில் உட்கார்ந்து நம் பேங்க் கணக்கைத் திறக்காமல் இருக்கலாமே!

காதல் கடிதமும் கரடி பொம்மையும்

இதுவரை மெஷினை ஏமாற்றும் வித்தை. இனி மனுஷனை ஏமாற்றும் வித்தை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பழையது, பலமானது.

2000 மே 4 அன்று உலகம் முழுக்கப் பல லட்சம் பேருக்கு 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஈமெயில் வந்தது, அதுவும் தெரிந்தவர்களிடமிருந்து. கூடவே ஒரு கடிதம். பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று இருந்தது, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்தால் என்ன? ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து விபிஎஸ் என்று இருந்தது. அதுதான் நிஜமான முடிவு, அதாவது புரோகிராம். தெரிந்த முடிவுகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துக் காட்டும் என்பதால் பின்பாதி யார் கண்ணிலும் படவில்லை. திறந்தவுடன் அவர்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதம் போயிற்று. படங்கள் அழிந்தன. முதலாளியிடமிருந்து காதல் கடிதம் வந்தால்கூட மனுஷன் திறந்து பார்ப்பான் என்பதை எழுதியவன் சரியாகக் கணித்திருக்கிறான்!

எழுதியது யார் தெரியுமா? பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த ஓனல் டி குஸ்மான் என்ற மாணவன். நம்மைப் போல ஒருவன். இன்டர்நெட்டுக்குக் காசில்லை என்பதால் மற்றவர்களின் பாஸ்வேர்டைத் திருடும் வழியையே புராஜெக்டாகக் கொடுத்தான், கல்லூரி நிராகரித்தது. அன்றைக்கு அந்த நாட்டில் இதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் சட்டம் வந்தது. இருபது வருஷம் கழித்து 2020இல் தான்தான் எழுதியதாக ஒப்புக்கொண்டான். மணிலாவில் ஒரு சின்ன செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான் அப்போது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒருவர் கம்ப்யூட்டரில் கெட்ட நோக்கத்தோடு வைரஸ் நுழைத்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா ஜாலிக்குப் போட்டேன் சார்" என்று நண்பன் மெஷினில் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்க்கும் இரண்டாமாண்டுத் தம்பிகள் கவனிக்க.

உங்கள் மெஷினில் ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' போய், ஃபைல் பெயரின் முடிவைக் காட்டும் டிக்கைப் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் உடனே செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான், அரை நிமிஷம்.

கரடி பொம்மை கதை இன்னும் அருமை. 2002இல் ஒரு மெயில் சுற்றியது. "உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மை படத்தோடு ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அது வைரஸ். ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காது. உடனே அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்பது சாரம். தேடிப் பார்த்தால் நிஜமாகவே கரடி பொம்மை இருந்தது! இருக்கத்தானே செய்யும், அது விண்டோஸோடு வந்த, ஜாவா சம்பந்தப்பட்ட நல்ல ஃபைல். ஜனங்கள் அதை அழித்துவிட்டு, பொறுப்பாக நண்பர்களுக்கும் சொன்னார்கள். வைரஸே இல்லாத வைரஸ். ஒரு வரி புரோகிராம் இல்லை, உங்கள் கையே அதன் புரோகிராம். நான் தோழியின் பென்டிரைவை ஃபார்மட் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு யாரும் மெயில்கூட அனுப்பவில்லை, அதுதான் வித்தியாசம்.

"ஸ்காலர்ஷிப் வந்திருக்கும்மா..."

போன செமஸ்டரில் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்ம் வந்தது. டிப்ளமோ மாணவர்களுக்கு உதவித்தொகை, பெயர், பிராஞ்சு, பெற்றோர் போன் நம்பர் நிரப்பவும் என்று. மூன்று பேர் ஃபார்வர்டு செய்திருந்தார்கள், நல்ல எண்ணத்தில்தான். மூன்று வாரம் கழித்து ஒரு ஜூனியர் தம்பியின் அம்மாவுக்குப் போன். "உங்க பையன் இந்த காலேஜ்ல இந்த பிராஞ்சுதானேம்மா? ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கு. உங்க வாட்ஸ்அப்புக்கு ஒரு கியூஆர் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா அக்கவுன்டுல ஏறிடும்."

பையன் பேர் தெரிகிறது, பிராஞ்சு தெரிகிறது, அந்த அம்மா எப்படிச் சந்தேகப்படுவார்? பின் போட்டார். 6,200 ரூபாய் போயிற்று. எக்ஸாம் ஃபீஸும் மெஸ் பாக்கியும் கட்ட எடுத்து வைத்த பணம். அதைவிடக் கொடுமை, பையன் திட்டுவானோ என்று பயந்து மறுநாள் சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லவில்லை. 1930க்கு அழைத்தபோது பணம் கணக்கு மாறி மாறிப் போய்விட்டிருந்தது. அந்தத் தம்பி எக்ஸாம் ஃபீஸை வகுப்புப் பையன்கள் சேர்ந்து கட்டினார்கள்.

யுபிஐயில் பின் நம்பர் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போக. உள்ளே வருவதற்குப் பின் தேவையே இல்லை. இதை உங்கள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்படியே போய்விட்டால் 1930, இந்த தேசிய உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. திட்டமாட்டோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அம்மா ஒரு நாள் தாமதித்தது அந்தப் பயத்தால்தான்.

லிங்க் வந்தால் எப்படிப் படிப்பது? முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைத் தளம் 'ஸ்காலர்ஷிப்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முடியும். கடைசி இரண்டு துண்டு கவ் டாட் இன். அது அரசு அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கப்படுவது. அதே எழுத்துகளை முன்னால் போட்டுவிட்டு, பின்னால் வேறு ஏதாவது டாட் எக்ஸ்ஒய்இசட் என்று முடிந்தால் அது அந்த வேறு ஏதாவதின் தளம். 'அம்மன் கோயில் எதிரில்' என்று போர்டு வைத்துவிட்டால் கடை அம்மனுடையது ஆகிவிடுமா? பூட்டுப் படம் இருக்கிறதே என்று கேட்பார்கள். பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான். அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியன் என்பதற்கல்ல.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃபாகவோ வரும். ஏபிகே என்பது ஆப். போனில் ஏறியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், ஓடிபி அங்கேதானே வருகிறது!

லேபுக்குத் திரும்புவோம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் கேட் லேபில் சில மாற்றங்கள். வாசலில் உள்ள 1ஆம் நம்பர் மெஷினில் பென்டிரைவை ஸ்கேன் செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த மெஷினின் ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க சார் ஒரு வேடிக்கை காட்டினார். 'ஐகார்' என்று 68 எழுத்து கொண்ட ஒரு சோதனை ஃபைல் உண்டு. அது வைரஸே இல்லை, ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று சொல்லிப் பிடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஃபயர் அலாரத்துக்கு டெஸ்ட் பட்டன் மாதிரி. நோட்பேடில் அடித்து சேவ் செய்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் லேபில் மூன்று மெஷின்கள் பிடிக்கவில்லை. ஆன்டிவைரஸ் என்றோ செத்துப்போயிருந்தது, ஐகான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது!

மாணவர்களுக்கு இப்போது அட்மின் லாகின் கிடையாது. சாதாரண லாகின்தான். இதற்கு நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம், நானும் சேர்த்து. ஆனால் சாதாரண லாகினில் ஓடும் வைரஸுக்கும் சாதாரண அதிகாரம்தான் என்றபோது வாயை மூடிக்கொண்டோம். "சி டிரைவ்ல சேவ் பண்ணது மறுநாள் காணோம் சார்" என்ற பழைய புகாருக்கும் விடை கிடைத்தது. 'டீப் ஃப்ரீஸ்' மாதிரி சாஃப்ட்வேர் போட்டால், மெஷினை அணைத்துப் போடும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும். வைரஸும் போகும், நம் ஃபைலும் போகும். அப்டேட்டும் போகும், அதனால் மாதம் ஒருமுறை உறைநிலையை எடுத்துவிட்டு அப்டேட் போட ஒருவர் உட்கார வேண்டும். அந்த வேலை இப்போது என் தலையில். தண்டனையா பதவியா என்று தெரியவில்லை, முதல் சனிக்கிழமை மதியம் போய்விடும்.

தோழி இப்போது எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வைக்கிறாள். ஒன்று பென்டிரைவில், ஒன்று ஆன்லைன் டிரைவில், ஒன்று வீட்டு லேப்டாப்பில். "நாலாவது உங்கிட்ட மட்டும் குடுக்க மாட்டேன்" என்கிறாள். நிலக்கடலை இயந்திரம் ரிவ்யூவில் ஓடியது. எட்டு கிடைத்த டிராயிங்கைவிட, திரும்பப் போட்ட மூன்றும் சுத்தமாக இருந்ததாக எக்ஸ்டர்னல் சொன்னார். அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இந்தக் கட்டுரையை டைப் செய்து முடித்துவிட்டு, பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு மலர்க் குழு அறைக்குப் போனேன். எடிட்டர் அண்ணன் சிஸ்டத்துக்கும் என் கைக்கும் நடுவில் எழுந்து நின்றுகொண்டார்.

"தம்பி, நீ மெயில்ல அனுப்பிடேன்."